மெத்தை வீடும் ஆயிரங்கால் மண்டபமும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தூரிலிருந்து சித்தப்பா போன் பண்ணினார். நலம் விசாரிப்பெல்லாம் அவரிடம் கிடையாது. எடுத்ததும் விஷயம்தான்.

"ஏம்பா, நூறு வருஷத்து வீட்டை இடிக்கணும்னா கவர்மென்ட்ல தனியா பர்மிஷன் ஏதாச்சும் வாங்கணுமா? நீதான் எப்பப் பாத்தாலும் கோட்டை, கல்வெட்டுன்னு சுத்திக்கிட்டு இருக்கியே. பாத்துச் சொல்லு."

இடிக்க வேண்டிய வீடு எங்கள் பூர்வீக வீடு. 1911-ல் வட ஆற்காட்டிலிருந்து பிரித்துச் சித்தூரைத் தனி ஜில்லா ஆக்கினார்கள். ஜில்லா தலைநகரம் என்றால் கச்சேரி, கோர்ட்டு, வக்கீல், குமாஸ்தா எல்லாரும் வருவார்கள். அப்படி வந்த ஒரு குமாஸ்தாதான் என் கொள்ளுத்தாத்தா. பத்திரத்தில் இருக்கும் வருஷம் 1924. தெருவில் அப்போது பாதி வீடுகள் ஓட்டு வீடுகளாம். எங்களுடையது மெத்தை வீடு. அந்தப் பெருமையை என் பாட்டி சாகும்வரை விடவில்லை.

இப்போது ஐந்து பங்குதாரர்கள். மூன்று பேர் வெளியூர். மழைக்காலத்தில் கூடத்து மூலையில் ஒழுகுகிறது. சித்தப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எழுபது வயதில் அவர் பக்கெட் வைத்துக்கொண்டு ராத்திரி பூராவும் உட்கார முடியாது.

நான் திருப்பதியிலிருந்து கிளம்பிப் போன அன்று, பழைய வீடு இடிப்பவர் ஒருவர் பார்க்க வந்திருந்தார். மனிதர் சுவரைப் பார்க்கவே இல்லை. நேராக ஸ்டூலைப் போட்டு ஏறினார். கூடத்து உத்திரத்தை விரல் முட்டியால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். இன்னும் இரண்டு அடி தள்ளி மறுபடி தட்டினார். டாக்டர் முதுகில் தட்டிப் பார்ப்பாரே, அதே மாதிரி. "தேக்கு சார். உள்ள கெட்டியா இருக்கு" என்றார். அப்புறம் நிலைப்படி, கதவு, ஜன்னல் கம்பி, திண்ணைத் தூண் என்று மனக்கணக்குப் போட்டார். இடிப்பதற்கு நாம் காசு கொடுக்க வேண்டாம், அவரே நமக்குக் கொடுப்பார். மரத்தை அவர் எடுத்துக்கொள்வார். செங்கல்லும் சுண்ணாம்பும் பள்ளம் நிரப்பப் போய்விடும்.

நான் நிமிர்ந்து கூரையைப் பார்த்தேன். உத்திரத்தின் மேல் குறுக்குக் கட்டைகள். அவற்றின் மேல் சின்னச் சின்னச் செங்கல்லைச் சாய்வாக நெருக்கி நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டியிருக்கிறார்கள். அதற்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டியிருப்பார்கள். கடைசியில் தட்டோடு. மெட்ராஸ் டெரஸ் என்பது இதுதான். இரும்புக் கம்பி கிடையாது, சிமென்ட் கிடையாது. நூறு வருஷமாகத் தலைக்கு மேலே நிற்கிறது.

"பாத்துச் சொல்றேன் சித்தப்பா" என்று கிளம்பினேன். பார்க்கப் பார்க்க எங்கெங்கேயோ போய்விட்டது. அதனால்தான் இந்த நீளமான பதிவு.

நீலப் பலகை

முதலில் சந்திரகிரிக்குப் போனேன். திருப்பதியிலிருந்து பஸ் ஏறினால் அரைமணி நேரம். 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்னையில் கோட்டை கட்ட இடம் கிடைத்ததே, அது இந்தச் சந்திரகிரி ராஜாக்களின் காலத்தில்தான். சென்னைக்காரர்கள் திருமலைக்கு வந்தால் பாதிப் பேருக்கு இது தெரியாது. மொட்டை போட்டுக்கொண்டு நேராக ரயில் ஏறிவிடுவார்கள்.

மூன்று மாடி ராஜமகால். செங்கல், கல், சுண்ணாம்பு; தளத்துக்கு மரமே போடாமல் கட்டியது. பக்கத்தில் ராணிமகால். ராஜமகாலுக்குள் அருங்காட்சியகம். இதையெல்லாம் எத்தனையோ முறை பார்த்தாயிற்று. இந்த முறை நான் பார்க்கப் போனது வாசலில் இருக்கும் நீலப் பலகையை. நாம் எல்லாரும் படிக்காமல் தாண்டிப்போகும் அந்தப் பலகைதான் மொத்தச் சட்டத்தின் சுருக்கம்.

1958-ல் வந்த பழங்கால நினைவுச்சின்னங்கள் சட்டத்தின்படி இது தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது. இதை இடித்தாலோ, பெயர்த்தாலோ, சேதப்படுத்தினாலோ, மாற்றினாலோ, கிறுக்கினாலோ, ஆபத்துக்கு உள்ளாக்கினாலோ, தவறாகப் பயன்படுத்தினாலோ இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2010-ல் சட்டத்தைத் திருத்துவதற்கு முன்னால் மூன்று மாதமும் ஐயாயிரம் ரூபாயும்தான் இருந்தது.

சரி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தை இடிக்க அனுமதி வாங்க வேண்டுமென்றால் என்ன வழி? சட்டத்தைப் பிரிவு பிரிவாகப் படித்தேன். நான் படித்தவரையில் அப்படி ஒரு விண்ணப்பமே கிடையாது. ஒரே ஒரு பின்வாசல் இருக்கிறது, 35-ஆம் பிரிவு. "இந்தச் சின்னத்துக்குத் தேசிய முக்கியத்துவம் போய்விட்டது" என்று மத்திய அரசு அரசிதழில் அறிவித்தால், அது பட்டியலிலிருந்து இறங்கிவிடும். 2024 மார்ச்சில் அப்படி 18 சின்னங்களை இறக்கினார்கள். யாராவது இடிக்க அனுமதி கேட்டார்களா? இல்லை. தேடிப் பார்த்தார்கள், காணவில்லை. டில்லியில் ஒரு கல்லறைத் தோட்டம், ஃபரிதாபாத்தில் முகலாயர் காலத்து மைல் தூண் ஒன்று, ஜான்சியில் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயின் கல்லறை. மேலே வீடும் ரோடும் வந்துவிட்டன. நினைவுச்சின்னம் காணாமல் போகும் நாடு நம்முடையது. மத்தியத் தணிக்கைத் துறை 2013-லேயே 92 காணவில்லை என்று கணக்குக் கொடுத்திருந்தது.

நூறு மீட்டருக்குள் வீடு இருந்தால்

சந்திரகிரி, ஏர்பேடு பக்கத்துக் குடிமல்லம் மாதிரி ஊர்களில் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படிக்கவும். சித்தப்பா கேட்ட கேள்விக்கு இங்கேதான் உண்மையான பதில் இருக்கிறது.

பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து நூறு மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு வெளியே இன்னும் இருநூறு மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. 1992 ஜூன் 16 அறிவிக்கையில் ஆரம்பித்தது. 2010 திருத்தத்தில் சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. இருநூறு மீட்டர் பகுதியில் கட்டலாம், ஆனால் அனுமதி வாங்க வேண்டும். நூறு மீட்டர் பகுதியில் புதிதாகக் கட்டவே முடியாது. அங்கே 1992-க்கு முன்பே வீடு இருந்தால், பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் விண்ணப்பிக்கலாம்.

இதில் ஒரு நுணுக்கம். பழுதுபார்ப்பது வேறு, இடித்துக் கட்டுவது வேறு என்று சட்டமே இலக்கணம் சொல்லி வைத்திருக்கிறது. நூறு மீட்டருக்குள் இருப்பவர், "இடிச்சிட்டு அதே அளவுல கட்டிக்கலாம்" என்று நினைத்து வீட்டைத் தரைமட்டமாக்கினால், கையில் மிஞ்சுவது காலி மனைதான். கோட்டையைக் காப்பாற்ற வந்த சட்டம், கோட்டைப் பக்கத்தில் இருக்கும் ஏழையின் ஓட்டு வீட்டையும் இடிக்கவிடாமல் பிடித்து நிறுத்துகிறது. அந்தத் தெருக்காரர்கள் அந்தச் சட்டத்தைத் திட்டுவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. தன் வீட்டுக்குக் கக்கூஸ் கட்டவே ஆபீஸ் ஆபீஸாக அலைகிறவருக்கு ராஜமகால் மேல் பாசம் எப்படி வரும்?

எங்கள் வீட்டுக்கு முந்நூறு மீட்டருக்குள் அப்படி எதுவும் இல்லை. ஆக, இந்தச் சட்டம் எங்களுக்கு இல்லை. மத்தியப் பட்டியலில் நாடு முழுக்கச் சுமார் 3,700 சின்னங்கள்தான். அதற்குக் கீழே மாநிலப் பட்டியல். ஆந்திராவுக்கு 1960-ஆம் வருஷத்துச் சட்டம், தமிழ்நாட்டுக்கு 1966-ஆம் வருஷத்துச் சட்டம். இந்த இரண்டு பட்டியலிலும் பெயர் இல்லாத கட்டிடத்துக்கு எத்தனை வயதானாலும் சட்டத்தின் கண்ணில் அது வெறும் கட்டிடம். முந்நூறு வருஷமானாலும் சரி, ஐந்நூறு வருஷமானாலும் சரி.

ஐந்நூறு என்று சும்மா சொல்லவில்லை.

கோயிலுக்கு எதிரே ஒரு வெட்டவெளி

திருமலையில் மகாதுவாரத்துக்கு எதிரே இன்று பெரிய திறந்தவெளி இருக்கிறது. தரிசனம் முடித்து வெளியே வந்து, லட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, குடும்பத்தோடு உட்கார்ந்து கோபுரத்தைப் பார்ப்போமே, அந்தப் பக்கம். இளையவர்களுக்கு அது எப்போதும் அப்படித்தான் இருந்தது போலத் தோன்றும்.

அங்கே ஓர் ஆயிரங்கால் மண்டபம் இருந்தது. சாளுவ மல்லையா 1464-ல் கட்டியது என்பார்கள். கொலம்பஸ் கப்பல் ஏறுவதற்கு முன்பே எழுந்த மண்டபம். எனக்கு அதன் சிற்பமெல்லாம் ஞாபகம் இல்லை. வெயிலில் சுட்ட காலோடு ஓடிவந்து உள்ளே நுழைந்ததும் பாதத்தில் ஏறிய குளிர்ச்சி மட்டும் ஞாபகம் இருக்கிறது. அம்மா ஒரு தூணில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். மொட்டைத் தலைக்குச் சந்தனம் தடவிக்கொண்டிருந்த அப்பா, "தூணை எண்ணு பாக்கலாம்" என்றார். நூற்றுச் சொச்சத்தில் குழம்பிப்போய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். முடிக்கவே இல்லை.

2003-ல் மண்டபத்தை எடுத்துவிட்டார்கள். மாஸ்டர் பிளான், கூட்ட நெரிசல், மாடவீதி அகலம் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. பொய்க் காரணங்கள் என்று சொல்ல மாட்டேன். புரட்டாசி சனிக்கிழமை அங்கே நின்றவர்களுக்கு நெரிசல் என்றால் என்னவென்று தெரியும். ஆனால் நெரிசலுக்கு வழி தேடும்போது முதலில் கண்ணில் படுவது ஏன் எப்போதும் பழைய கட்டிடமாகவே இருக்கிறது? சின்ன ஜீயர் சுவாமிகள் உட்படப் பலர் எதிர்த்தார்கள். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. மறுபடி கட்டுவது பற்றிய பேச்சு வருவதும் போவதுமாக இருக்கிறது. மண்டபம் அந்த இடத்தில் இல்லை.

எந்த விதியை மீறி இடித்தார்கள் என்று கேட்டால், நினைவுச்சின்னச் சட்டத்தை வைத்துப் பதில் சொல்வது கஷ்டம். திருமலைக் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பட்டியலில் கிடையாது. திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடப்பது 1987-ஆம் வருஷத்து அறநிலையச் சட்டத்தின் கீழ். அந்தச் சட்டத்துக்குக் கோயில் என்பது பூஜை, வருமானம், நிர்வாகம். கட்டிடத்தின் வயது அதன் பிரதான கவலை இல்லை.

பட்டியலில் சேர்க்கலாமே என்றால், அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 2018 மே மாதம் தொல்லியல் துறையிலிருந்து தேவஸ்தானத்துக்கு ஒரு கடிதம் வந்தது, கோயில்களைப் பற்றிய விவரம் கேட்டு. "கோயிலை டில்லிக்காரன் எடுத்துக்கப் போறான்" என்று ஊரே பொங்கியது. உடனே கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குப் பறிமுதல் என்று காதில் விழுகிறது. அந்தப் பயத்திலும் அர்த்தம் இல்லாமல் இல்லை. தொல்லியல் துறை பூட்டுப்போட்ட கோயில்களில் வௌவால் நாற்றம் அடிப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2003 அக்டோபர் 1-ஆம் தேதி, பிரம்மோற்சவத்துக்குப் பட்டு வஸ்திரம் கொண்டுபோன அப்போதைய முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவின் கார் அலிபிரியில் கண்ணிவெடியில் சிக்கியது. அவர் உயிர் தப்பினார். "மண்டபத்தை இடிச்சாங்க இல்ல, பெருமாள் சும்மா விடுவாரா" என்று டீக்கடையில் பேசினார்கள். எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. வெடி வைத்தவர்கள் நக்சலைட்டுகள். அவர்களுக்கும் மண்டபத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்தப் பேச்சை இருபது வருஷமாக யோசிக்கிறேன். சட்டம் கேட்க வேண்டிய கேள்வியைச் சட்டம் கேட்காவிட்டால், ஜனங்கள் அதைப் பெருமாள் தலையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

ஜீர்ணோத்தாரணம் என்றொரு சொல்

கோயில் ஊர்களில் யாரும் "இடிக்கிறோம்" என்று சொல்வதில்லை. ஜீர்ணோத்தாரணம் என்பார்கள். ஜீர்ணமானதைத் தூக்கி நிறுத்துவது. அருமையான சொல். சாய்ந்த தூணை நிமிர்த்தினாலும் ஜீர்ணோத்தாரணம்தான், அடியோடு பெயர்த்துப் புதுக் கிரானைட்டில் கட்டினாலும் அதே சொல்தான். அகராதியில் இரண்டுக்கும் நடுவே கோடு கிடையாது.

2023-ல் திருமலையில் பார்வேட்டை மண்டபம் பற்றிச் சண்டை வந்தது. கனுமா அன்று, அதாவது நம் மாட்டுப்பொங்கல் அன்று, உற்சவர் மலையப்ப சுவாமி வேட்டைக்கு எழுந்தருளும் மண்டபம் அது. பழையதை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். "பாழடைந்திருந்தது, அதே மாதிரிதான் கட்டியிருக்கிறோம்" என்று ஒரு பக்கம். "பழையதைப் பழுதுபார்த்திருக்கலாமே" என்று இன்னொரு பக்கம். இரண்டு பேரும் ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம் வைத்துக்கொண்டு பேசினார்கள்.

அதே மாதிரி என்பது அதே ஆகுமா? தூணில் எழுத்து இல்லையென்றால் பரவாயில்லை என்று சிலர் சொல்வார்கள். எழுத்து இருந்தால்? இந்த மலையின் சரித்திரமே கல்லில் வெட்டிய எழுத்துதான். அதில் ஏராளம் தமிழில். யார் எத்தனை பணம் கொடுத்தார், எந்த ஏரியை வெட்டினார், அந்த வருமானத்தில் எத்தனை பிரசாதம் செய்ய வேண்டும், அதில் யாருக்கு எத்தனை பங்கு என்று கணக்குப்பிள்ளை எழுதின மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள். அவற்றையெல்லாம் படியெடுத்து, 1930-ல் அறிக்கை எழுதியவர் சாது சுப்பிரமணிய சாஸ்திரி. தேவஸ்தானத்துக்காக வேலை பார்த்தவர். கல்வெட்டுத் தொகுதிகளை அச்சிட்டதும் தேவஸ்தானம்தான். ஒரு கல்லை அசைக்கும் முன் அதைப் படித்துப் பார்க்க ஆள் வைத்திருந்த நிறுவனம் இது. வெளியிலிருந்து யாரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. தன் பழைய வழக்கத்தைத் தானே ஒருமுறை திரும்பிப் பார்த்தால் போதும்.

தானாக விழுந்தது

இடிப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் ஒரு பெரிய விஷயம் விட்டுப்போகும். 2010 மே 26, புதன்கிழமை இரவு எட்டு மணி சுமாருக்குக் காளஹஸ்தி ராஜகோபுரம் சரிந்தது. 1516-ல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ஏழு நிலைக் கோபுரம். விரிசல் பல வருஷமாகவே இருந்தது. கடைசி நாளில் அது விரிய ஆரம்பித்ததும் அக்கம்பக்கத்துக் கடைகளைக் காலி செய்து ஜனங்களை விலக்கியிருந்தார்கள். அதனால் பெரிய உயிர்ச்சேதம் தப்பியது. மிச்சம் நின்ற பகுதியையும் பிறகு இறக்கிவிட்டுப் புதுக் கோபுரம் கட்டினார்கள். 2017-ல் கும்பாபிஷேகம் நடந்தது.

யாரும் சுத்தியல் எடுக்கவில்லை. அனுமதி யாரும் கேட்கவில்லை. ஆனாலும் ஐந்நூறு வருஷத்துக் கோபுரம் போய்விட்டது. மண்டபத்தை இடித்த கை கண்ணுக்குத் தெரியும்; கோபுரத்தைக் கவனிக்காமல் விட்ட கை தெரியாது. இடிப்பதற்கு விதி எழுதுகிறவர்கள் பழுதுபார்க்கவும் விதி எழுத வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மற்ற ஊர்களில்

மனம் ரொம்பச் சோர்ந்துவிடக் கூடாது என்பதற்காக மூன்று கதைகள்.

சென்னை மவுண்ட் ரோட்டில் பாரத் இன்சூரன்ஸ் கட்டிடம். 1897-ல் கட்டியது. 2006-ல் அதன் சொந்தக்காரரான எல்.ஐ.சி. இடிக்க ஆரம்பித்தது. பாரம்பரியக் கட்டிடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு கோர்ட்டுக்குப் போனது. 2010-ல் உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்றது. கட்டிடம் பிழைத்தது. ஆனால் புண்ணோடு நிற்கிறது. தடை வாங்கிக் கொடுத்த கோர்ட்டு கொத்தனாரை அனுப்பி வைக்குமா என்ன?

ஹைதராபாத்தில் எர்ரம் மன்சில் மாளிகை. 2019-ல் அதை இடித்துவிட்டுப் புதுச் சட்டசபை கட்ட தெலங்கானா அமைச்சரவை முடிவெடுத்தது. அந்த வருஷம் செப்டம்பர் 16-ல் உயர் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. மாளிகைக்குக் கைகொடுத்தது, நகரத் திட்ட விதிகளில் ஒரு காலத்தில் இருந்த பாரம்பரியக் கட்டிடப் பட்டியல். விதியையே 2015-ல் எடுத்துவிட்டிருந்தார்கள். ஆனாலும் ஒருமுறை பட்டியலில் ஏறிய பெயருக்குக் கோர்ட்டில் மதிப்பு இருந்தது.

மூன்றாவது லண்டன். கார்ல்டன் டேவர்ன் என்று ஒரு மதுக்கடை. 1920-களின் தொடக்கத்தில் கட்டியது. எங்கள் சித்தூர் வீட்டின் வயதுதான். அதைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தபோதே, 2015 ஏப்ரலில் சொந்தக்காரர்கள் அனுமதியில்லாமல் இடித்துவிட்டார்கள். மாநகராட்சி விடவில்லை. செங்கல் செங்கல்லாக முன்பு இருந்த மாதிரியே கட்டித்தர வேண்டும் என்று உத்தரவு போட்டது. 2021-ல் கடையை மறுபடி திறந்தார்கள். இங்கிலாந்தில் பட்டியலில் இருக்கும் கட்டிடங்கள் சுமார் நான்கு லட்சம். சாதாரண வீடும் கடையும்கூட அதில் உண்டு. பட்டியலில் இருந்தால் இடிக்கவே முடியாது என்றும் இல்லை. காரணம் சொல்லி அனுமதி கேட்கலாம். கேட்காமல் இடித்தால் கிரிமினல் குற்றம்.

நம் நாட்டுக்கு 3,700. அந்தச் சின்ன நாட்டுக்கு நான்கு லட்சம். கோட்டையும் கோயிலும் மட்டும்தான் சரித்திரம் என்று நாம் நினைக்கிறோம். குமாஸ்தா கட்டின மெத்தை வீடு எந்தப் பட்டியலுக்கும் வராது.

நாம் என்ன செய்யலாம்

உங்கள் ஊரில் பழைய சத்திரமோ மண்டபமோ இருந்தால், சுத்தியல் வருவதற்கு முன்னால் செய்யக்கூடியவை கொஞ்சம் இருக்கின்றன.

முதலில், அது எந்தப் பட்டியலில் இருக்கிறது, அல்லது எதிலுமே இல்லையா என்று பாருங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டால் பதில் வரும். இரண்டாவது, நூறு வருஷம் தாண்டியிருந்தால் நினைவுச்சின்னமாக அறிவிக்கச் சொல்லி மத்தியத் துறைக்கோ மாநிலத் துறைக்கோ எழுதலாம். மத்திய அரசு அறிவிக்க நினைத்தால், கட்டிடத்துக்குப் பக்கத்திலேயே அறிவிப்பு ஒட்டி, இரண்டு மாதம் ஆட்சேபம் கேட்பார்கள். மூன்றாவது, எழுதுவதோடு நிற்காமல் போட்டோ எடுங்கள். அளவு எடுங்கள். எழுத்து இருந்தால் பக்கவாட்டில் டார்ச் அடித்து எடுங்கள். நேராக வெளிச்சம் அடித்தால் எழுத்து தெரியாது. கோர்ட்டுக்குப் போனால் முதல் கேள்வியே "அது எப்படி இருந்தது?" என்பதாகத்தான் இருக்கும். ஆயிரங்கால் மண்டபத்துக்குள் உட்கார்ந்து எடுத்த படம் எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. அதற்குள் போன லட்சோபலட்சம் பேரில் எத்தனை பேரிடம் இருக்கும்?

நான்காவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். கட்டிடத்தைப் பயன்படுத்த வேண்டும். ஆள் புழங்குகிற வீட்டில் ஒழுகல் உடனே தெரியும். பூட்டிய வீட்டில் உத்திரம் இற்று விழும்போதுதான் தெரியும்.

சித்தப்பாவுக்குச் சொன்ன பதில்

போன வாரம் மறுபடி சித்தூர் போனேன். திண்ணையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன்.

"நம்ம வீட்டை இடிக்கறதுக்குத் தனிச் சட்டம் எதுவும் குறுக்கே வராது சித்தப்பா. முனிசிபாலிட்டிக்கு எழுதிக் கொடுக்கணும், கரண்ட், தண்ணி கனெக்ஷன் எடுக்கணும், பக்கத்துச் சுவருக்குச் சேதம் வரக்கூடாது. ஐந்து பேரும் கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான்."

"அப்ப இடிச்சிடலாம்கற."

"இடிக்கலாம்னு சட்டம் சொல்லுது. நான் சொல்லல."

அவர் சிரித்தார். காபி வந்தது. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவரே ஆரம்பித்தார். இந்தத் திண்ணையில்தான் அவருடைய அப்பா நாலு தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாராம். 1953-ல் ஆந்திரா தனி மாநிலம் ஆனபோது, சித்தூர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ராத்திரி பூராவும் இங்கே உட்கார்ந்து சண்டை போட்டார்களாம். 1960-ல் திருத்தணி அந்தப் பக்கம் போன அன்று, தமிழ்ப் பேப்பரும் தெலுங்குப் பேப்பரும் இரண்டையும் வாங்கிவந்து இதே தூணடியில் சத்தமாகப் படித்தார்களாம். நான் கேள்விப்படாத கதைகள். இடிப்புக்காரர் மனக்கணக்குப் போட்ட அதே திண்ணைத் தூணடியில் உட்கார்ந்துதான் சொன்னார்.

"பங்குனி வரைக்கும் டைம் தரேன்" என்றார் கடைசியில். "ஒழுகல அடைச்சுக் காட்டு. அடைச்சுட்டா மத்த நாலு பேருகிட்ட நானே பேசறேன். அடைக்க முடியலன்னா அந்த ஆளுக்குப் போன் போட்ருவேன்."

நான்கு கொத்தனார்களை அழைத்துவந்து காட்டிவிட்டேன். நான்கு பேரும் ஒரே பதில்: "மேல சிமென்ட் போட்டுடலாம் சார்." சுண்ணாம்புத் தளத்துக்குச் சிமென்ட் சேராது, பாரம் ஏறும், ஈரம் உள்ளேயே நின்று உத்திரத்தைத் தின்றுவிடும் என்று படித்ததை வைத்துச் சொன்னேன். சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் தங்கள் அப்பா காலத்தோடு போய்விட்டார்கள் என்று ஒருவர் சொன்னார்.

அதனால் இந்தப் பதிவைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலூர், ஆற்காடு, காஞ்சிபுரம், திருத்தணி, நகரி, புத்தூர் பக்கம், மெட்ராஸ் டெரஸ் தளத்தைச் சுண்ணாம்பிலேயே பழுதுபார்க்கத் தெரிந்த கொத்தனார் யாரையாவது தெரிந்தால் கருத்துப் பெட்டியில் ஒரு வரி எழுதுங்கள். வயதானவராக இருந்தாலும் பரவாயில்லை, கார் வைத்துக் கூட்டிவந்து சாயங்காலம் கொண்டுபோய் விடுகிறேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னால் போதும், கட்டையால் தட்டுவதற்கு நாங்கள் இருக்கிறோம்.

பங்குனிக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.